கண்ணாடிக்குள் ஒரு குளம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் முதன்முதலாக வைத்த மீன்தொட்டி சரியாகப் பதினொரு நாள்தான் தாக்குப் பிடித்தது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த பன்னிரண்டு மீன்கள்தான் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

பேத்தியின் எட்டாவது பிறந்தநாளுக்காக வாங்கியது. ஒன்றரை அடித் தொட்டி, நீலச் சாயம் பூசிய கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடும் பொம்மை முதலை, இரண்டு தங்கமீன், நான்கு மோலி, ஐந்து டெட்ரா. கூடவே, "இது தொட்டியைத் தானே சுத்தம் பண்ணிவிடும்" என்ற சிபாரிசோடு கறுப்பாக ஒரு சக்கர் மீன். எல்லாம் ஒரே கடையில், ஒரே மாலையில். வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரை நிரப்பினோம், மீனை விட்டோம், கேக் வெட்டினோம்.

மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சி மாதிரிக் கலங்கியது. கடையில் போய்க் கேட்டேன். முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கல்லையும் பஞ்சையும் நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். செய்தேன். ஐந்தாம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுபடியும் கடைக்குப் போனேன். நீல நிற மருந்து ஒன்று கொடுத்தார்கள். அதையும் ஊற்றினேன். கடைசியாகப் போனது பெரிய தங்கமீன். பேத்தி அழவில்லை. "நாம என்ன தப்பு பண்ணினோம் தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. ரயில்வேயில் பாதைப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். எங்காவது ஒரு பெட்டி தடம் புரண்டால் நாங்கள் முதலில் செய்வது அளவெடுப்பதுதான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு, எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் யார் மேல் தப்பு என்ற பேச்சே வரும். இந்தப் பதினொரு நாளில் நான் ஒன்றையுமே அளக்கவில்லை. கடைக்காரர் சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான்.

தொட்டித் தண்ணீரை உடனே கொட்டிவிடவில்லை. அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, மாறுகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அம்மோனியா நிறம் கரும்பச்சையில் வந்து நின்றது. அட்டையில் பார்த்தால் 4 பி.பி.எம். பி.எச். 7.8. மீன் வாழும் தண்ணீரில் அம்மோனியா பூஜ்யமாக இருக்க வேண்டும். அதிலும் பி.எச். 7-ஐத் தாண்டி மேலே போகப் போக அம்மோனியாவின் விஷம் கூடிக்கொண்டே போகும். ஆக, மீன்கள் தம் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்திருக்கின்றன.

நடந்தது இதுதான். மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே விடுகிறது. குளத்திலும் ஆற்றிலும் அதைத் தின்பதற்கென்றே பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை, செடிக்கோ அது உரம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பவை அல்ல. கல்லிலும் மண்ணிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வளர்பவை. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் முதல் நாளே பன்னிரண்டு மீனை விட்டேன். கொஞ்சம் ஒட்ட ஆரம்பித்த பாக்டீரியாவையும் மூன்றாம் நாள் குளோரின் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன்!

இது தெரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் தொழிலின் அரிச்சுவடியே இதுதானே? பழைய ஜல்லியைத் தோண்டியெடுத்துச் சலித்துத் திரும்பப் போட்ட பாதையில் முதல் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். வண்டிகள் போகப் போக ஜல்லி இறுகும். பிறகு 45, பிறகு 75 என்று படிப்படியாக ஏற்றி, கையால் பேக்கிங் செய்த காலத்தில் பழைய வேகத்துக்குத் திரும்ப ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். எந்த அதிகாரி வந்து கத்தினாலும் முதல் நாள் ராஜதானியை முழு வேகத்தில் விடமாட்டோம். வீட்டில் அதைத்தான் செய்திருக்கிறேன்.

பேத்தியிடம் சொன்னேன். "தப்பு உன்னுது இல்லம்மா, என்னுது. பாதை இறுகறதுக்குள்ள வண்டியை விட்டுட்டேன்." அவள், "அப்போ மறுபடி போடலாமா?" என்று கேட்கவில்லை. "இனிமே மீன் வேண்டாம்" என்றாள். சரி, மீன் வேண்டாம், செடி மட்டும் வைப்போம் என்று ஒப்பந்தமாயிற்று. அப்படித்தான் இரண்டாவது தொட்டி வந்தது.

வாரிங்டனின் பதின்மூன்று காலன்

செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கும் என்பது புது விஷயமல்ல. 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் பதின்மூன்று காலன் பாத்திரம் ஒன்றில் மண்ணும் மணலும் போட்டு, இரண்டு தங்கமீனையும் வாலிஸ்நேரியா என்ற நாடாப் புல்லையும் வைத்தார். செடி விடும் ஆக்ஸிஜனை மீன் சுவாசிக்கும், மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், தண்ணீர் மாற்றவே வேண்டாம் என்பது கணக்கு. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கெட ஆரம்பித்தது. யோசித்தார். குளத்து நத்தைகளைப் பிடித்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது. தண்ணீர் தெளிந்தது. நான்கே ஆண்டில், 1854-ல், ஃபிலிப் காஸ் என்பவர் எழுதிய புத்தகம் வந்த பிறகு 'அக்வேரியம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கலாயிற்று.

ஆக்ஸிஜன் கதை நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். பீக்கரில் ஹைட்ரில்லாவைப் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, அதன் மேல் சோதனைக் குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைப்போமே! கொப்புளம் கொப்புளமாக வாயு ஏறும். அந்தப் படத்தைப் போட்டுப் பாகம் குறித்து மதிப்பெண் வாங்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? வாரிங்டன் காலத்தில் தெரியாதது ஒன்று, செடி ஆக்ஸிஜன் கொடுப்பதைவிட அம்மோனியாவை உறிஞ்சுவதுதான் பெரிய உபகாரம். செடிகளுக்கு நைட்ரேட்டைவிட அம்மோனியாதான் சுலபமான சாப்பாடு. நிறையச் செடி உள்ள தொட்டியில் பாக்டீரியாவோடு செடியும் துப்புரவுப் பணியில் சேர்ந்துகொள்கிறது.

பாரமும் மண்ணும்

இரண்டாவது தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம். பெரிய தொட்டி பராமரிக்கக் கஷ்டம் என்று நினைப்பது தவறு. தண்ணீர் அதிகம் இருந்தால் விஷமும் மெதுவாகத்தான் ஏறும், சூடும் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். சின்னக் கிண்ணத்தில்தான் ஆபத்து.

ஆனால் பாரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் 110 லிட்டர், அதாவது 110 கிலோ. எட்டு மில்லிமீட்டர் கண்ணாடி 28 கிலோ. மண்ணும் கல்லும் ஏறக்குறைய 30. மரத்தாங்கி ஒரு 20. ஆக 190 கிலோவுக்குக் குறையாது. மூன்று பேர் நெருங்கி நிற்கிற பாரம்தான் என்று சொல்லலாம். ஆனால் மூன்று பேர் நகர்ந்து போய்விடுவார்கள், தொட்டி நகராது. குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைப்பது வழக்கம். அது தளம் முழுவதும் பரவிய பாரம். ஆகவே தொட்டியை அறையின் நடுவில் வைக்காதீர்கள். உத்தரம் ஓடுகிற இடத்தில், சுவரை ஒட்டி வையுங்கள். பழைய கட்டடம், விரிசல் விட்ட தளம், வெளியே நீட்டிய பால்கனி என்றால் இரண்டடித் தொட்டியோடு நின்றுகொள்வது உத்தமம். தாங்கியை ஸ்பிரிட் லெவல் வைத்துச் சமப்படுத்தி, தொட்டிக்கு அடியில் அரை அங்குல தெர்மகோல் தகடு போட வேண்டும். தாங்கியில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் அடிக் கண்ணாடி ஒருநாள் நள்ளிரவில் விண்டுவிடும். கீழ் ஃப்ளாட்காரர் உறவு அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். பாசி பிடித்துப் பச்சைத் தண்ணீர் ஆகிவிடும்.

அடியில் ஓர் அங்குலம் சாதாரணத் தோட்டத்து மண். உரமோ எருவோ கலக்காதது. கல், வேர், குப்பை நீங்கச் சலித்துக்கொள்ள வேண்டும். 1999-ல் டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி தம் புத்தகத்தில் இந்த மண் முறையை விளக்கி எழுதிய பிறகு இதற்கு உலகமெங்கும் பலர் மாறினார்கள். மண்ணுக்கு மேலே ஒன்றரை அங்குலம் பொடிக்கல். ரயில் பாதைக்கு 50 மில்லிமீட்டர் ஜல்லி, இதற்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். பெரிய கல் போட்டால் இடுக்கில் தீனி இறங்கி அழுகும். மிகவும் நைஸான மணலைக் கனமாகப் போட்டால் கீழே காற்றில்லாமல் கெட்டுப்போய் அழுகின முட்டை நாற்றம் வரும். கல்லை வாங்கியதும் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். அது தண்ணீரைக் கடினமாக்கி பி.எச்.-ஐ மேலே தூக்கும். முதல் வாளிக் கல் எனக்கு நுரைத்தது. பூச்செடித் தொட்டிகளுக்குப் போயிற்று.

இந்தச் செடித் தொட்டியைக் கலையாகவே வளர்த்தவர் ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954-2015). அடிப்படையில் புகைப்படக் கலைஞர். அவர் தொட்டிகளின் படங்களைப் பார்த்தால் மலையும் காடும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போல இருக்கும். அதற்குக் கரியமில வாயு சிலிண்டர், விசேஷ உரம், வாராவாரம் கத்தரி என்று வேண்டும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் பாட்டிலில் நொதிக்க வைத்து வாயு விடுகிறவர்களும் உண்டு. ஓய்வூதியக்காரனுக்கு இதெல்லாம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். கடினமில்லாத செடிகளை எடுத்துக்கொண்டால் மண்ணும் மீனும் கொடுக்கிறதே போதும்.

காலிஃப் தெரு ஞாயிறு

கல்கத்தாவில் இருப்பவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. பாக்பஜாரில் கால்வாயை ஒட்டி, ஒரு காலத்தில் டிராம் வந்து திரும்பிய காலிஃப் தெருவில், ஞாயிறு காலை கூடுகிற சந்தை. செடி, மண் தொட்டி, மீன், தீனி, வலை, பம்ப் எல்லாம் நடைபாதையிலேயே கடை விரித்திருக்கும். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் ஷியாம்பஜாரில் இறங்கி நடந்துவிடலாம். காலை எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது.

பேத்தி வர மறுத்தாள். நான் மட்டும் போனேன். அலுமினியத் தட்டுகளில் ஈரத்துணி போர்த்திச் செடிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். வங்காளத்தில் நீர்ச்செடிகளுக்குப் பொதுப்பேர் ஜாஞ்ஜி. வாரிங்டனின் அதே வாலிஸ்நேரியா கட்டு கட்டாக இருந்தது. கூடவே ஹைக்ரோஃபிலா, ரோட்டலா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன். ஹைக்ரோஃபிலாவும் ரோட்டலாவும் நம் தேசத்து வயல் வாய்க்காலிலேயே வளர்பவை. அமேசான் செடிக்குக் கொடுக்கும் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. "நிறைய வாங்குங்க காக்கு, முதல் நாளே முக்கால் தொட்டி நிறையணும், இல்லாட்டி பாசிதான் முந்திக்கும்" என்றார். முதல் கடைக்காரர் சொல்லாததை இவர் சொன்னார். வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெளிர் ரோஜா நிறமாகக் கரைத்த பர்மாங்கனேட் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு அலசினேன். அதையும் தாண்டி இரண்டு நத்தைகள் வந்து சேர்ந்தன. வாரிங்டனை நினைத்து விட்டுவிட்டேன்.

ஜாவா ஃபெர்னை மட்டும் மண்ணில் புதைக்கக் கூடாது. அதன் தண்டு அழுகிவிடும். நூலால் ஒரு கட்டையிலோ கல்லிலோ கட்டிவிட வேண்டும். உயரச் செடிகள் பின்னால், குட்டைச் செடிகள் முன்னால். ஒரு தட்டைக் கவிழ்த்து அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மண் கலங்காது.

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் பல்தாவிலும் கார்டன் ரீச்சிலும் ஹூக்ளியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வருவது. அதில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒருநாள் வைத்தால் போய்விடும். அவசரமென்றால் வாளிக்குக் கடுகளவு ஹைப்போ படிகம். ஃபோட்டோ கழுவுகிற இருட்டறை தெரிந்தவர்களுக்கு ஹைப்போவை அறிமுகம் செய்ய வேண்டாம். அடுக்ககங்களில் ஆழ்குழாய்த் தண்ணீரும் கலக்கும். கடினமும் இரும்பும் அதில் அதிகம். எந்த ஊரானாலும் உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒருமுறை அளந்துவிட்டு அதற்கு ஒத்துப்போகும் மீனைத் தேடுவதுதான் முறை. மீனை வாங்கிவிட்டு அதற்காகத் தண்ணீரை மாற்றப் பார்ப்பது தீராத செலவு.

வெளிச்சத்துக்கு 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. பட்டை, டைமர் வைத்துத் தினம் ஏழு மணி நேரம். ஃபில்டருக்கு ஏர் பம்ப்பும் பஞ்சு ஃபில்டரும். அவ்வளவுதான் மின்சாரம்.

காத்திருந்த நாற்பது நாள்

ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு ரிஜிஸ்டர் ஆரம்பித்தேன். தேதி, வெப்பம், பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், குறிப்பு. பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டுமே? இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி. மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி போடுகிறவனைப் பார்த்து என் மனைவி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத இடமில்லை.

ஒன்பதாம் நாள் அம்மோனியா 2. பன்னிரண்டாம் நாள் கிரிப்டோகோரைன் இலைகள் எல்லாம் கண்ணாடி போலக் கரைந்து விழுந்தன. "இதுவும் போச்சா?" என்றாள் மனைவி. இடம் மாறினால் அந்தச் செடி இலையை உதிர்த்துவிடும். வேரைப் பிடுங்காமல் விட வேண்டும். இருபதாம் நாள் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறியது. கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பாக ஒரு படலம். அழுக்குத் தொட்டி என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கை பரபரத்தது. கழுவவில்லை. நத்தைகளுக்குக் கொண்டாட்டம். இருபத்தாறாம் நாள் கிரிப்டோகோரைன் வேரிலிருந்து விரல் நுனி அளவு புது இலை.

அதை முதலில் பார்த்தது நானல்ல. பள்ளி விட்டு வந்த பேத்தி, "தாத்தா, செத்துப்போன செடி முளைச்சிருக்கு!" என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து சொட்டு மருந்து விடுகிற உத்தியோகத்தை அவள் எடுத்துக்கொண்டாள். ரிஜிஸ்டரில் கையெழுத்து மாறுவதைப் பார்த்தாலே தெரியும். முப்பத்தெட்டாம் நாள் அம்மோனியா 0, நைட்ரைட் 0. நாற்பதாம் நாளும் அதேதான். சாயங்காலத்தில் ஹைக்ரோஃபிலா இலை நுனியில் முத்து முத்தாக ஆக்ஸிஜன் கொப்புளம் கட்டி மேலே ஏறியது. அடுத்த ஞாயிறு, "நானும் வரேன்" என்றாள்.

கங்கைத் தண்ணீருக்குக் கங்கை மீன்

எந்த மீன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃப்ரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தார். 1800-ல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னட, மலையாளச் சீமைகளைச் சுற்றி மூன்று பாகம் புத்தகம் எழுதினாரே, அதே புக்கானன்தான். பிறகு வங்காளத்தில் சுற்றியவர், பிற்பாடு ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1822-ல் கங்கை நதி மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்று உலகமெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்க்கப்படும் வரிக்குதிரை மீன், அதாவது சீப்ரா டேனியோ, விஞ்ஞானப் பெயர் பெற்றது அந்தப் புத்தகத்தில்தான். குள்ள குராமியும் தேன் குராமியும் அதிலேயே இருக்கின்றன. கல்கத்தாவின் கோடையையும் ஜனவரிக் குளிரையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த மீன்கள். ஜனவரியில் எங்கள் தொட்டி 18 டிகிரிக்கு இறங்கும். டேனியோ அசையாது. அமேசான் மீன் என்றால் ஹீட்டர் வாங்க வேண்டும். மே மாதத்தில் 32-ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து சின்ன விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு டிகிரி குறையும், தண்ணீர் மட்டும் வேகமாக வற்றும்.

முதல் ஞாயிறு ஆறே ஆறு டேனியோ. விற்றவர் குழந்தையைப் பார்த்து இரண்டு மீன் இலவசமாகக் கொடுக்க வந்தார். "இன்னிக்கு ஆறுதான். பாக்கி அடுத்த மாசம்" என்று வங்காளியில் அவரிடம் அழுத்தமாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து பையைத் தொட்டியில் கால் மணி மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டோம்.

ஒரு மாதம் அம்மோனியா பூஜ்யத்திலேயே நின்றது. பிறகு ஒரு ஜோடி குள்ள குராமி. வங்காளிகள் லால் கோல்ஷே என்பார்கள். ஆண் மீனுக்குச் சிவப்பும் நீலமுமாகச் சாய்வு வரிகள், பெண் வெறும் வெள்ளி நிறம். விட்ட அன்று சாயங்காலம் பேத்தி சமையலறைக்கு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "தாத்தா, மேலே வந்து வாயைத் திறக்குது!"

போய்ப் பார்த்தேன். குராமி நிதானமாக மேலே வந்து, ஒரு மிடறு காற்று வாங்கிக்கொண்டு கீழே போனது. எனக்குமே ஒரு நொடி நெஞ்சு அடைத்தது. உடனே சோதித்தோம். எல்லாம் பூஜ்யம். அப்புறம்தான் சொன்னேன், அதற்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இன்னோர் உறுப்பு இருக்கிறது, நம்மைப் போலக் காற்றையே சுவாசிக்கும், வயல் நீர் வற்றிக் கெட்டுப் போகும் காலத்தில் பிழைக்க அதற்கு அது துணை என்று. முன்பு செத்த மீன்கள் மேலேயே நின்றுகொண்டு திணறின. இது வந்துவிட்டுப் போகிறது. நம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாடு வரை எண்ணினாள். எத்தனை தடவை வந்தது, நடுவில் எத்தனை நிமிஷம் என்று முழுப் பக்கமும் ரிஜிஸ்டரில் இருக்கிறது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறுதோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றம். எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்கு. செடி தழைப்பதைப் பார்த்தால் இதற்காகவே மீன் வளர்க்கலாம் போலிருக்கிறது. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் காட்டாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. வாரம் ஒருநாள் பட்டினி. அவற்றுக்கு ஏகாதசி விரதம் என்று என் மனைவி பேர் வைத்திருக்கிறாள். ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. 'பாவம்' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால்தான் ஆபத்து.

ஒரு வேண்டுகோள். அலுத்துப்போன மீனைக் குளத்திலோ ஏரியிலோ விடாதீர்கள். எனக்கு முதலில் விற்ற சக்கர் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டியில் இடம் போதாமல் யார் யாரோ விட்டது, இன்று கிழக்குக் கல்கத்தா ஈரநிலத்து மீன் பண்ணைகள் வரை பரவி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் அது. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வருகிறவர்கள், "இவ்வளவு பெரிய தொட்டியில் எட்டு மீன்தானா?" என்று கேட்கத்தான் கேட்கிறார்கள். பேத்தியே பதில் சொல்லிக்கொள்கிறாள்.

போன வாரம் ஆண் குராமி தண்ணீர் மட்டத்தில் எச்சிலால் நுரை ஊதி, ரோட்டலாத் துண்டுகளைக் கடித்து வந்து செருகி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கூடு கட்டியிருக்கிறது. பெண்ணை அதன் பக்கமே அழைத்துப் போகிறது. இந்த ஞாயிறு கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டிய நாள். வாளியும் ரப்பர் குழாயுமாகப் போனேன். தண்ணீர் இறங்கினால் கூடு கலைந்துவிடும் என்று பேத்தி தடுத்துவிட்டாள். அம்மோனியா பார்த்தோம், 0. வாளியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.